வெண்டைக்காய் வழவழப்பும் உடையாத ரப்பர் துளியும்

எங்கள் பிளாஸ்டிக்கில் வார்த்து, வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிய மூலைக்கவசம் ஒன்றை நகத்தால் கீறிப் பார்த்தேன். ரொட்டி சானாயைப் பிய்க்கும்போது அடுக்கடுக்காகக் கழன்று வருமே, அப்படி வந்தது. மேலே ஒரு தோல், அதற்குக் கீழே இன்னொரு தோல், இரண்டுக்கும் நடுவில் மணல்போல ஏதோ விரலில் நெருடியது. மணல் இல்லை, ரப்பர். பிளாஸ்டிக்குக்குள் கண்ணுக்கே தெரியாத துளிகளாகப் பரவியிருக்க வேண்டிய ரப்பர், கடுகு அளவில் உருண்டு கிடந்தது.

மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே, செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு சின்ன தொழிற்சாலை அது. பரிசோதனை அறையில் உதவியாளனாகச் சேர்ந்து அப்போது இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. எங்கள் வேலை இதுதான்: 70 பங்கு பாலிபுரொப்பிலீன், அதாவது பிபி; 30 பங்கு இயற்கை ரப்பர். இரண்டையும் மூடிய மிக்ஸரில் போட்டு 180 டிகிரியில் பிசைந்து, குருணையாக வெட்டி விற்போம். தனி பிபி அடி விழுந்தால் விரிசல் விடும். உள்ளே ரப்பர் துளிகள் பொடியாக, நெருக்கமாக இருந்தால் அடியின் வேகத்தை அவை வாங்கிக்கொள்ளும். துளி பெருத்தால் அதுவே விரிசலுக்கு வாசலாகிவிடும். ஆக, நாங்கள் விற்றது ரப்பரையும் இல்லை, பிளாஸ்டிக்கையும் இல்லை, துளியின் அளவைத்தான். அது புரியவே எனக்கு ஒரு வருஷம் பிடித்தது.

திரும்பி வந்த சரக்கைப் பார்த்ததும் மேலாளர் சொன்ன வைத்தியம், யாரும் முதலில் சொல்லக்கூடியதுதான். "சரியா கலக்கல. ஸ்பீட கூட்டுங்க."

கூட்டினோம். நிமிடத்துக்கு 60 சுற்று ஓடிய ரோட்டரை 80 ஆக்கினோம், பிறகு 100. மிக்ஸர் ஓட்டிய அண்ணன் அந்த மெஷினோடு 20 வருஷம் பழகியவர். சத்தத்தைக் கேட்டே உள்ளே சரக்கு எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுவார். 100 சுற்றில் மூன்றாவது நிமிடம் தலையை ஆட்டினார். "தம்பி, இது பிசையல. வழுக்குது." வெப்பமானி 205 காட்டியது. ரப்பர் கருகும் வாசனை மூக்கில் ஏறியது. வெளியே எடுத்துப் பார்த்தால் கடுகு அப்படியே இருந்தது, நிறம்தான் மாறியிருந்தது.

அந்த வாரக் கடைசியில் என் மச்சான் வந்திருந்தான். நிபோங் திபாலில் உள்ள பொறியியல் வளாகத்தில் பாலிமர் படித்துக்கொண்டிருந்தவன். கோப்பிக் கடையில் உட்கார்ந்து புலம்பினேன். அவன் சிரித்துவிட்டு, பில் தாளைத் திருப்பிப் போட்டு எழுத ஆரம்பித்தான்.

"மச்சான், துளிக்கு ரெண்டே ரெண்டு பேருதான் எதிரும் புதிரும். ஒருத்தன் இழுக்கிறான், ஒருத்தன் உருட்டுறான்."

இழுப்பது, சுற்றி ஓடும் கெட்டியான திரவம். அது எவ்வளவு கெட்டி, எவ்வளவு வேகமாகத் தேய்க்கிறது என்பதைப் பொறுத்தது இழுவை. உருட்டிப் பிடிப்பது, துளியின் மேற்பரப்பில் இருக்கும் பரப்பிழுவிசை. துளி சின்னதாகச் சின்னதாக அந்த உருட்டும் பிடி இறுகும். இழுவையைப் பிடியால் வகுத்தால் வருவது கேப்பிலரி எண். அதாவது, வெளித்திரவத்தின் பாகுத்தன்மை, தேய்ப்பு வேகம், துளியின் ஆரம் மூன்றையும் பெருக்கிப் பரப்பிழுவிசையால் வகுக்க வேண்டும். எண் சிறியதாக இருந்தால் துளி சற்றே நீண்டு முட்டை வடிவத்தில் நிற்கும். ஓர் எல்லையைத் தாண்டினால் நீண்டுகொண்டே போய் உடையும். உள்ளேயும் வெளியேயும் பாகுத்தன்மை ஒன்றாக இருந்தால் அந்த எல்லை ஏறக்குறைய 0.5. இதற்கு வழிபோட்டவர் ஜி. ஐ. டெய்லர் என்ற ஆங்கிலேயர், 1932இலும் 1934இலும். அவர் துளியை வைத்துப் பார்த்த வெளித்திரவம் சர்க்கரைப் பாகு. பாகுத்தன்மை என்ற சொல்லே நம் அடுப்படியிலிருந்து வந்ததுதானே, அதனால் அந்தத் தகவல் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

நான் எங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். உருகிய பிபியின் பாகுத்தன்மையைச் சுமாராக 1000 பாஸ்கல்-விநாடி என்று வைத்துக்கொள்வோம், தண்ணீரைப்போல பத்து லட்சம் மடங்கு. தேய்ப்பு வேகம் விநாடிக்கு 100. பரப்பிழுவிசை மீட்டருக்கு 0.005 நியூட்டன். 1 மில்லிமீட்டர் ஆரமுள்ள ரப்பர் துளிக்குக் கேப்பிலரி எண் 20,000 வருகிறது. தேவையோ 0.5! இந்தக் கணக்குப்படி எங்கள் துளி மில்லிமீட்டரில் நாற்பதாயிரத்தில் ஒரு பங்காக உடைந்திருக்க வேண்டும்.

"அப்ப ஏன்டா கடுகா நிக்குது?"

"அங்கதான் விசயமே இருக்கு," என்றான். அதற்குள் ரொட்டி வந்துவிட்டது, பேச்சு மாறிவிட்டது.

மறுநாள் ஞாயிறு. வீட்டுச் சமையலறையிலேயே அவன் இரண்டு வேடிக்கைகள் காட்டினான், முதலாவதை இங்கே எழுதுகிறேன். இந்தத் துறையில் இருப்பவர்கள் செய்து பார்க்கலாம், செலவு ஐந்து வெள்ளிக்குள்.

முதலாவது, இரண்டு கண்ணாடிக் குவளை. ஒன்றில் கெட்டியான சர்க்கரைப் பாகு, அதில் ஒரு சொட்டு சிவப்புப் பனை எண்ணெய். தானே சிவப்பாக இருப்பதால் சாயம் வேண்டாம். கரண்டிக் காம்பால் மெதுவாக, ஒரே திசையில் சுற்றினால் அந்தச் சொட்டு நீளும், இரண்டு முனையும் ஊசியாகும், நூலாகும். சுற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தால் நூல் மணிமணியாகத் துண்டுபடும். இன்னொரு குவளையில் எல்லாமே தலைகீழ்: நிறைய எண்ணெய், அதில் ஒரு சொட்டுப் பாகு. எவ்வளவு சுற்றினாலும் பாகுச் சொட்டு உருண்டுகொண்டே இருக்கும், உடையாது. திரவங்கள் அதே இரண்டுதான், பரப்பிழுவிசையும் அதேதான். உள்ளே இருப்பது யார், வெளியே இருப்பது யார் என்பது மட்டும்தான் மாறியிருக்கிறது.

அம்மா பக்கத்தில் கொழுக்கட்டைக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். மச்சான் அதில் ஒரு உருண்டை எடுத்தான். "உள்ளங்கை ரெண்டுக்கும் நடுவுல வச்சுத் தேய்ச்சா என்ன ஆகும்?" உருண்டை இன்னும் உருண்டையாகும். அவ்வளவுதான். "பிடிச்சு இழுத்தா?" நீண்டு அறும்.

தேய்ப்பு ஓட்டம் என்பது பாதி இழுப்பு, பாதி சுழற்சி. மெத்தென்ற துளி இழுபட்டுவிடும். விறைப்பான துளியை ஓட்டம் நீட்டுவதற்குள் அது சுழன்று தப்பித்துக்கொள்ளும். துளியின் பாகுத்தன்மை வெளித்திரவத்தைப்போல நாலு மடங்குக்கு மேல் போய்விட்டால், வெறும் தேய்ப்பால் அதை உடைக்கவே முடியாது. வேகத்தை நூறு மடங்கு கூட்டினாலும் முடியாது. டெய்லரே பாகைவிட 20 மடங்கு கெட்டியான துளியை வைத்து இதைப் பார்த்திருக்கிறார். எதிரெதிராக ஓடும் இரண்டு பட்டைகளுக்கு நடுவில் அது உடையவில்லை. நாலு உருளைகளை வைத்து இழுப்பு ஓட்டம் உண்டாக்கியபோது உடைந்தது. பிறகு டூபோன்ட் நிறுவனத்தின் எச். பி. கிரேஸ் பலவிதத் திரவ ஜோடிகளை வைத்து அளந்து ஒரு வளைகோடு தந்தார், 1982இல் அச்சானது. பாகுத்தன்மை விகிதம் ஒன்றை ஒட்டியிருக்கும்போது உடைப்பது சுலபம், விகிதம் மிகச் சிறிதானாலும் பெரிதானாலும் கஷ்டம், 4ஐத் தாண்டினால் தேய்ப்பில் வழியே இல்லை. அந்த வளைகோட்டை ஒரு பிரதி எடுத்து மிக்ஸர் அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். நாள்காட்டிக்குப் பக்கத்தில்.

வேகம் கூட்டியது ஏன் காரியத்தைக் கெடுத்தது என்பதும் இப்போது விளங்கியது. வேகம் சூடாக மாறியது. சூட்டில் பிபி நீர்த்தது. பிடித்து இழுக்க வேண்டிய கையே தளர்ந்துவிட்டது. அண்ணன் "வழுக்குது" என்றாரே, அதுதான்.

அப்படியானால் எங்கள் ரப்பர் ஏன் திடீரென்று விறைத்தது? அதற்கு விடை சொன்னது மச்சான் இல்லை, அம்மா.

அம்மா 30 வருஷம் பால்மரம் வெட்டியவர். கோலகங்சாரில் 1877இல் நட்ட ரப்பர் மரம் ஒன்று இன்னும் நிற்கிறது, தலைமுறை கடந்த கிழம். அதைக் காட்டக் கூட்டிப்போனபோதுகூட, மரத்தை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பட்டைய நாசம் பண்ணி வச்சிருக்கானுங்க" என்று மட்டும் சொன்னவர். நான் பையில் கொண்டுவந்திருந்த ரப்பர் துண்டை எடுத்தார். கிள்ளினார், மடக்கினார், விட்டார். அது விறுக்கென்று நிமிர்ந்தது.

"இது கெடந்த பால்டா. ரொம்ப நாளு கெடந்தது."

திங்கட்கிழமை காலையில் ஸ்டோர் ரிஜிஸ்டரைப் புரட்டினேன். அம்மா சொன்னது சரி. முன்பெல்லாம் வாங்கியது சிவி60, பாகுத்தன்மை மாறாத ரப்பர் தரம். ரப்பரை இருப்பு வைத்தால் அதன் நீண்ட சங்கிலிகள் ஒன்றோடொன்று தானாகப் பிணைந்து நாளாக நாளாக விறைக்கும். சிவி தரத்தில் ஹைட்ராக்ஸிலமின் உப்பைச் சேர்த்து அதைத் தடுத்துவிடுவார்கள், மூனி எண் என்ற பாகுத்தன்மை அளவு 60ஐ ஒட்டியே நிற்கும். விலை கூடுதல் என்று யாரோ எஸ்எம்ஆர் 20 என்ற சாதாரணத் தரத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். அதுவும் ஏழெட்டு மாதம் ஸ்டோரில் கிடந்த பேல்கள். மூனி மெஷினில் வைத்துப் பார்த்தேன். 100 டிகிரி சூட்டில் ரப்பரை ஒரு நிமிடம் வைத்துவிட்டு, அதன் நடுவே ஒரு தட்டை நாலு நிமிடம் மெதுவாகச் சுழற்றி முறுக்குவிசையைப் படிக்கும் மெஷின் அது. 60 இருக்க வேண்டிய இடத்தில் 84. போதாக்குறைக்கு, அதே காலத்தில் பிபியையும் சீக்கிரம் ஓடும் ரகத்துக்கு மாற்றியிருந்தோம். அச்சு வார்க்கச் சுலபமாம். துளி விறைத்தது, வெளித்திரவம் நீர்த்தது. விகிதம் இரண்டு பக்கமும் ஏறிவிட்டது. ஒவ்வொரு மாற்றமும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயமானதுதான். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க எங்களிடம் ஆள் இல்லை.

புதுச் சரக்கு வாங்கப் பணம் ஒதுக்க மாட்டார்கள் என்று தெரியும். இருக்கும் ரப்பரை ரோலில், அதாவது நெருங்கிச் சுழலும் இரண்டு உருளைகளுக்கு நடுவில் விட்டு மென்று மெத்தாக்குவது ஒன்றே வழி. லண்டனில் தாமஸ் ஹேன்காக் 1820இலேயே கண்டுபிடித்த வித்தை இது. முள் உருளைக்குள் ரப்பரைக் கிழித்தால் பொடியாகும் என்று எதிர்பார்த்தார், அதுவோ ஒன்றுசேர்ந்து மெத்தென்று ஆனது.

இதில் நான் ஒரு தப்பு செய்தேன். ரப்பர் சூட்டில்தானே இளகும் என்று ரோலைச் சூடாக்கி, நூறு டிகிரிப் பக்கம் வைத்து அரை மணி நேரம் ஓட்டினேன். கைக்கு மெத்தென்று இருந்தது. ஆறவைத்து மூனி பார்த்தால் 79. அரை மணி நேரக் கூலியும் மின்சாரமும் தண்டம். அண்ணன் ஒன்றும் பேசாமல் ரோலுக்குள் ஓடும் குளிர்தண்ணீரைத் திறந்துவிட்டார். "பச்சையா இருக்கும்போதுதான் தம்பி அது அறும்." சத்தியமான வார்த்தை. சூடான ரப்பர் வளைந்துகொடுத்துத் தப்பித்துவிடும், அதன் சங்கிலிகள் அறாது. குளிர்ந்த ரப்பர் எதிர்த்து நிற்கும், அதனால்தான் அறும், அறுந்த முனையைக் காற்றிலுள்ள ஆக்ஸிஜன் மூடிவிடும், மறுபடி ஒட்டாது. மிக அதிகச் சூட்டில் ஆக்ஸிஜனே நேரடியாகச் சங்கிலியை வெட்டும். இரண்டுக்கும் நடுவே, நூறைச் சுற்றியுள்ள வெப்பநிலைதான் மெல்லுவதற்கு ஆக மோசமான இடம். நான் தேடிப்போய் நின்றது சரியாக அங்கே. குளிர் ரோலில் 12 நிமிடம், மூனி 58.

அப்புறம் கலவை. இந்தத் தடவை எவ்வளவு நேரம் ஓட்டுவது என்பதையும் பார்த்துவிடலாம் என்று ஒவ்வொரு நிமிடத்திலும் மிக்ஸரை நிறுத்தி, ஒரு துணுக்கு எடுத்துப் பனிக்கட்டித் தண்ணீரில் போட்டோம். உறைந்ததை ஒடித்து, ஒடித்த முகத்தை டொலுவீனில் ஊறவைத்தேன். ரப்பரை டொலுவீன் கரைக்கும், பிபியை அறை வெப்பத்தில் தொடாது. ரப்பர் இருந்த இடமெல்லாம் பள்ளமாகத் தெரியும். (கையுறை, காற்றுப்போக்கி இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். நான் முதல் நாள் செய்துவிட்டு மாலைவரை தலைவலியோடு கிடந்தேன்.)

முதல் நிமிடத்துத் துணுக்கை மைக்ராஸ்கோப்பில் வைத்ததும் அண்ணனைக் கூப்பிட்டேன். துளியே இல்லை. ரப்பர் மெல்லிய தகடுகளாக இழுபட்டு, தகட்டில் ஓட்டை ஓட்டையாக விழுந்து, ரொட்டி ஜாலாவைப்போல வலையாகக் கிடந்தது. "இதுக்குத்தான் இவ்ளோ நாளா மெஷின் ஓட்டினேனா" என்றார். இரண்டாம் நிமிடத்தில் அந்த வலை நூல்களாகிவிட்டது, மூன்றாம் நிமிடம் துளிகள். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஸ்காட்டும் மேக்காஸ்கோவும் 1991இல் எழுதியது இதையேதான் என்று மச்சான் பிறகு சொன்னான். குருணை தகடாகி, தகடு வலையாகி, வலை நூலாகி, நூல் துளியாகிறது. ஒரு உருண்டை இரண்டாக, இரண்டு நாலாக என்று நான் மனதில் வைத்திருந்த படம் முழுக்கத் தப்பு. அளவு குறைவதில் பெரும்பகுதி முதல் ஓரிரு நிமிடத்திலேயே முடிந்துவிடுகிறது. நாலாம் நிமிடத்துக்கும் எட்டாம் நிமிடத்துக்கும் எங்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. பத்தாம் நிமிடத்தில் சற்றுப் பெருத்தே இருந்தது. இவ்வளவு நாளும் 10 நிமிடம் ஓட்டிக்கொண்டிருந்தோம். அதை ஐந்தாகக் குறைத்ததில் மிச்சமான மின்கட்டணம்தான் மேலாளர் முகத்தில் முதல் சிரிப்பைக் கொண்டுவந்தது.

பெருத்தது ஏன்? துளிகள் உடைவது பாதிக் கதைதான். பக்கத்துத் துளியோடு மோதி மறுபடி ஒன்றுசேர்வது மறு பாதி. 30 பங்கு ரப்பர் என்பது கூட்டமான சந்தை, இடித்துக்கொள்ளாமல் யாரும் போக முடியாது. கணக்கு சொன்ன நுண்ணிய அளவுக்கு நிஜக்கலவை ஒருபோதும் போகாமல் மைக்ரோமீட்டர் அளவிலேயே நின்றுவிடுவதற்கு இது ஒரு காரணம். இதை நான் கற்றுக்கொண்டதும் ஒரு தப்பால்தான். பனித்தண்ணீர் தீர்ந்துபோன ஒருநாள், மாதிரியைச் சூடான அழுத்துப் பலகையிலேயே விட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டேன். வந்து பார்த்தால் துளிகள் மூன்று மடங்கு. மிக்ஸர் கெட்டுவிட்டது என்று அறிக்கையே எழுதிவிட்டேன். மிக்ஸர் ஒழுங்காகத்தான் உடைத்திருந்தது. நான் சாப்பிட்ட நேரத்தில் சும்மா இருந்த துளிகள் ஒன்றுசேர்ந்துவிட்டன. மாதிரியை எடுத்த கையோடு குளிரவைக்காவிட்டால், மிக்ஸர் செய்ததைப் பார்க்கவில்லை, அடுப்பு செய்ததைப் பார்க்கிறோம்.

இதோடு கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆறு மாதம் எல்லாம் ஒழுங்காக ஓடியது. ரப்பர் வந்தால் மூனி பார்ப்பது, 60க்கு மேல் இருந்தால் மெல்லுவது, கலப்பது. பிறகு ஒரு லாட் வந்தது. மென்ற பிறகு மூனி 59. பிபி அதே ரகம், நேரம் அதே நேரம், சூடு அதே சூடு. துளி மட்டும் பெரிது. கடுகு இல்லை, ஆனால் வழக்கத்தைப்போல இரண்டு மூன்று மடங்கு.

மச்சானுக்குப் போன் போட்டேன். "வெண்டைக்காய நினைச்சுப் பாரு" என்றான்.

முன்னே சொன்ன ஞாயிற்றுக்கிழமையில் அவன் காட்டிய இரண்டாவது வேடிக்கை அது. அப்போது எனக்கு அது பெரிதாகப் படவில்லை, அதனால்தான் அங்கே எழுதவில்லை. வெண்டைக்காயை நறுக்கித் தண்ணீரில் ஊறவைத்து, அந்த வழவழப்பை ஒரு கண்ணாடிக் கோப்பையில் எடுத்துக்கொள்ள வேண்டும். உள்ளே காற்றுக் குமிழிகள் இருக்கும். கோப்பையை வெடுக்கென்று ஒரு சுழற்று சுழற்றி நிறுத்தினால் குமிழிகள் முன்னே ஓடி, நின்று, கொஞ்சம் பின்னே வரும். பாகில் இது நடக்காது. பாகு நின்றால் நின்றதுதான். வெண்டைக்காய்ச் சாறுக்குத் தான் எங்கிருந்து புறப்பட்டோம் என்று கொஞ்சம் நினைவிருக்கிறது. முட்டை வெள்ளைக்கருவும் அப்படித்தான். திரவம்போல ஓடவும் செய்யும், ரப்பர்போல மீளவும் செய்யும். டெய்லரின் கணக்கு பாகுக்கு உரியது. எங்கள் மிக்ஸரில் ஓடுவதோ வெண்டைக்காய் ஜாதி.

இந்த நினைவு துளிக்கு உள்ளே இருந்தால், நீட்டும்போதெல்லாம் அது திரும்பச் சுருங்கப் பார்க்கும். பரப்பிழுவிசையோடு சேர்ந்து அதுவும் உருட்டும் பக்கம் நிற்கும். பாகுத்தன்மை ஒன்றாகவே இருந்தாலும், மீள்தன்மை கூடின துளியை உடைக்கக் கூடுதல் கேப்பிலரி எண் வேண்டும். மீள்தன்மை வெளித்திரவத்தில் இருந்தால் விடை இவ்வளவு நேராக இல்லை. துளி ஓட்டத்தின் திசைக்கு இன்னும் சாய்ந்து படுத்துக்கொள்வதால் சில விகிதங்களில் இழுவை குறைகிறது, வேறு சில விகிதங்களில் உடைவதற்கு உதவுகிறது. சில வேளை இன்னும் விசித்திரம்: 1999இல் அமெரிக்காவின் நிஸ்ட் ஆய்வுக்கூடத்தில் ஹாபியும் மிக்லரும் பார்த்தபோது, மீள்தன்மை மிகுந்த துளிகள் ஓட்டத்தின் திசையில் நீளாமல், ஓட்டத்துக்குக் குறுக்கே, ஆற்றில் மிதக்கும் மரக்கட்டை குறுக்கே திரும்பிக்கொள்வதுபோல நீண்டு கிடந்தன. இதைக் கேட்டபோது அண்ணன் நம்பவில்லை. நானும் படத்தைப் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

எங்கள் லாட்டுக்கு வருவோம். மூனி எண் சொல்வது, தட்டைச் சுழற்ற எவ்வளவு விசை வேண்டும் என்பதை மட்டும். அந்த விசையில் எவ்வளவு பாகு, எவ்வளவு மீள்தன்மை என்று அது பிரித்துச் சொல்லாது. ஆனால் அதே மெஷினில் அதற்கும் வழி இருக்கிறது. நாங்கள் ஒருநாளும் அமுக்காத பொத்தான். நாலு நிமிடம் ஓடி முடிந்ததும் தட்டைச் சட்டென்று நிறுத்திவிட்டு, முறுக்குவிசை எப்படி இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். மீள்தன்மை குறைந்த ரப்பர் சீக்கிரம் விட்டுக்கொடுக்கும், நினைவுள்ளது பிடிவாதமாக மெல்ல மெல்ல இறங்கும். பழைய நல்ல லாட்டில் எடுத்துவைத்த துண்டு ஒன்று அலமாரியில் இருந்தது. இரண்டையும் ஓட்டினோம். இரண்டும் 59, 60 என்றுதான் காட்டின. நிறுத்தியதும் ஒன்று மளமளவென்று சரிந்தது. மற்றது பாதி வழியில் தொங்கிக்கொண்டு நின்றது.

உறுதிப்படுத்த இரண்டிலும் ஒரு துணுக்கை டொலுவீனில் போட்டு இரவு முழுக்க விட்டேன். காலையில் நல்லது பெரும்பாலும் கரைந்து மங்கலாக இருந்தது. மற்ற போத்தலின் அடியில் நுங்குபோல உப்பிய கட்டி கிடந்தது. கரையாத ஜெல். சங்கிலிகள் வலையாகப் பின்னிக்கொண்ட பகுதி. ரோலில் மென்றபோது வலைக்கு வெளியே இருந்த சங்கிலிகள் அறுந்து மூனி எண்ணை இறக்கிவிட்டன. வலை மிச்சமிருந்தது. நாங்கள் எண்ணைப் பார்த்து ஏமாந்தோம்.

அந்த லாட்டை இன்னும் எட்டு நிமிடம் குளிர் ரோலில் விட்டு, நல்ல ரப்பரோடு பாதிக்குப் பாதி கலந்து ஓட்டித் தீர்த்தோம். முழுதாகச் சரியாகவில்லை. பார்வைக்குப் படாத, அடி விழாத சாமான்களுக்கு என்று குறைந்த விலைக்குப் போனது. மென்றால் மெல்லலாம் என்று ஒரேயடியாக மெத்தாக்கிவிடவும் கூடாது என்பதை அப்போது பார்த்தோம். ஒரு சோதனைக்கு மூனி 35 வரை இறக்கினோம். துளி என்னவோ பொடியாகத்தான் வந்தது. ஆனால் அடி தாங்கவில்லை, அழுத்துப் பலகையில் வைத்தால் மற்றதைவிடச் சீக்கிரம் ஒன்றுசேர்ந்தது. ரப்பர் ரப்பராக இருப்பதற்கும் கொஞ்சம் நினைவு வேண்டும்.

இப்போது ரப்பர் லாரி வந்தால் மூன்று தாள் போகும். மூனி எண் ஒன்று, தட்டு நின்ற பிறகு இறங்கும் கோடு ஒன்று, எந்த மாதம் மரத்திலிருந்து இறங்கிய சரக்கு என்பது ஒன்று. பிபியின் ரகத்தை யாராவது மாற்றினால் பரிசோதனை அறையில் கையெழுத்து வாங்காமல் மிக்ஸருக்குப் போகாது. அதற்காக மேலாளரோடு இரண்டு மாதம் மல்லுக்கு நின்றேன்.

அண்ணன் ஓய்வு பெற்றுவிட்டார். அவருடைய இடத்தில் இருக்கும் நேப்பாளத்துத் தம்பிக்கு இந்தக் கதையெல்லாம் அரைகுறை மலாயில் சொல்லிப் பார்த்தேன், ஏறவில்லை. பிறகு வீட்டிலிருந்து ஒரு போத்தலில் வெண்டைக்காய்ச் சாறு கொண்டுபோய்ச் சுழற்றி நிறுத்திக் காட்டினேன். குமிழி பின்னால் வந்தது. அவன் போத்தலைப் பிடுங்கி இன்னொரு முறை சுழற்றினான், அப்புறம் இன்னொரு முறை. மிக்ஸரில் பஸ்ஸர் அடித்துக்கொண்டே இருந்தது.